சந்தேக நபர் எந்த இனம்? குற்றச் செய்தியில் தீராத ஒரு வழக்கு

ஒருவர் கைதாகிறார். பெயர், வயது, ஊர், தொழில் எல்லாம் செய்தியில் வந்துவிடுகின்றன. அவருடைய இனத்தையும் எழுத வேண்டுமா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, கனடா ஆகிய நாடுகளின் செய்தி அறைகளில் இதற்கு இன்றுவரை ஒருமனதான விடை கிடைக்கவில்லை. எழுதியே ஆக வேண்டும் என்றார்கள். எழுதவே கூடாது என்றார்கள். தொடர்பிருந்தால் மட்டும் எழுதலாம் என்று விதி வகுத்தார்கள். பிறகு அந்த விதியையும் திருத்தினார்கள். எந்தப் பக்கம் போனாலும் பழி காத்திருந்தது. எழுதிய பத்திரிகைக்கு இனவெறிப் பத்திரிகை என்று பெயர் வந்தது. எழுதாத பத்திரிகை, அந்தப் பெயருக்குப் பயந்து உண்மையை மூடி மறைப்பதாகத் திட்டு வாங்கியது.

இந்த விடைகள் எங்கிருந்து வந்தன, ஒவ்வொன்றும் எங்கே சறுக்குகிறது என்று இக்கட்டுரை பார்க்கிறது. வாதம் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லைச் சுற்றியே, அதைப் போடுவதா எடுப்பதா என்றே நடந்து வந்திருக்கிறது. கிடைக்கும் சான்றுகளோ அதற்கு முந்தைய கட்டத்தைச் சுட்டுகின்றன. எந்தக் குற்றம் செய்தியாகிறது, யார் சொல்லி அது செய்தியாகிறது என்பதுதான் அந்தக் கட்டம்.

தலைப்பிலேயே இனம் இருந்த காலம்

அமெரிக்கத் தென் மாநிலப் பத்திரிகைகளில், குற்றம் சாட்டப்பட்டவர் கறுப்பினத்தவராக இருந்தால் பெயரை ஒட்டி ‘நீக்ரோ’ என்று போடுவது எழுதப்படாத சட்டமாக இருந்தது. வெள்ளையருக்கு அப்படி எந்த அடைமொழியும் கிடையாது. 1906 செப்டம்பர் 22 அன்று அட்லாண்டாவின் மாலைப் பத்திரிகைகள், கறுப்பின ஆண்கள் வெள்ளைப் பெண்களைத் தாக்கியதாகச் சிறப்புப் பதிப்பு மேல் சிறப்புப் பதிப்பாக விற்றன. அன்றிரவே வெள்ளையர் கும்பல்கள் தெருவில் இறங்கின. குறைந்தது 25 கறுப்பினத்தவர் கொல்லப்பட்டனர். 1921 மே 31 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், லிஃப்டில் ஒரு பெண்ணைத் தாக்கிய நீக்ரோ பிடிபட்டதாக ‘டல்சா டிரிபியூன்’ செய்தி வெளியிட்டது. மாலையில் நீதிமன்றத்தின் முன் கூட்டம் திரண்டது. மறுநாள் முடிவதற்குள் கிரீன்வுட் என்ற செழிப்பான கறுப்பினக் குடியிருப்பில் சுமார் 35 தெருக்கட்டங்கள் எரிந்து கிடந்தன. கைதான இளைஞர் மீதான வழக்கு பிறகு கைவிடப்பட்டது. பிற்காலத்தில் அந்தப் பத்திரிகையின் பழைய தொகுதியை நுண்படம் எடுக்க முயன்றபோது, அந்தச் செய்தி இருந்த பகுதி கிழித்து எடுக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது.

ஒரு தலைப்புச் செய்தியால்தான் ஒரு நகரம் எரிந்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதில்லை. நிலம், தொழிற்போட்டி, உள்ளூர் அரசியல், காவல்துறையின் பங்கு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. செய்தி தீக்குச்சியா, எண்ணெயா, ஏற்கெனவே எரிந்ததன் புகையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அது ஒரு பங்கு வகித்தது என்பதில் இல்லை.

இந்தக் காலத்திலேயே மிகக் கூர்மையான மறுப்பும் எழுந்தது. ஐடா பி. வெல்ஸ் மெம்ஃபிஸ் நகரில் ‘ஃப்ரீ ஸ்பீச்’ பத்திரிகையை நடத்தியவர். 1892-இல் அங்கே மளிகைக் கடை நடத்திய மூன்று கறுப்பின ஆண்களை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துப் போய்க் கொன்றது. அவர் அதைக் கண்டித்து எழுதினார். பத்திரிகை அலுவலகம் சூறையாடப்பட்டது. அவர் ஊர் திரும்ப முடியவில்லை. அதன்பின் வெளியிட்ட துண்டு நூல்களில் அவர் கையாண்ட உத்தி கவனிக்கத்தக்கது. ‘சிகாகோ டிரிபியூன்’ தொகுத்த கும்பல் கொலைப் பட்டியலை, அதாவது வெள்ளையர் பத்திரிகையின் எண்களையே எடுத்துக்கொண்டார். கும்பல் கொலைகளுக்கு நியாயமாகச் சொல்லப்பட்ட பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு, கொல்லப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் சுமத்தப்பட்டிருந்தது என்று காட்டினார். சுமத்தப்பட்டதுதான், நிரூபிக்கப்பட்டதல்ல. ‘நீக்ரோ’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் என்பது அவருடைய முதன்மைக் கோரிக்கையாக இல்லை. புகார் உண்மையா, யார் சொன்னது, இதே குற்றத்தை மற்றவர் செய்தால் என்ன எழுதுகிறீர்கள் என்றுதான் கேட்டார். பின்னால் வந்த நெறிமுறைகள் இந்தக் கடினமான கேள்விகளை விட்டுவிட்டு எளிதானதைப் பிடித்துக்கொண்டன என்றே தோன்றுகிறது.

‘தொடர்பிருந்தால் மட்டும்’

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காற்று மாறியது. 1967-இன் நகரக் கலவரங்களை ஆராய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம், 1968-இல் வெளியிட்ட அறிக்கையில் ஊடகங்களுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியது. வெள்ளையர் கண்ணால் பார்த்து வெள்ளையருக்காகவே எழுதுகிறீர்கள் என்பது அதன் சாரம். இன அடையாளத்தை நேரடித் தொடர்பு இருந்தால் மட்டும் குறிப்பிடுவது என்ற விதி அசோசியேட்டட் பிரஸ் போன்ற நிறுவனங்களின் நடைக் கையேடுகளில் நிலைபெற்றது. ஜெர்மன் பத்திரிகை மன்றத்தின் 12.1 எண் வழிகாட்டுதல் 2017 வரை ஏறத்தாழ இதையே சொன்னது; பிரிட்டனின் ஆசிரியர் நெறிமுறையில் உள்ள 12-ஆம் பிரிவு இன்றும் சொல்கிறது.

விதியின் நோக்கத்தை யாரும் குறை சொல்வதில்லை. சிக்கல் ‘தொடர்பு’ என்பதில் இருக்கிறது. தொடர்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்பவர் இரவுப் பணியில் இருக்கும் துணை ஆசிரியர். அவர் கையில் இருப்பது காவல்துறையின் நான்கு வரிக் குறிப்பு. தேடப்படும் ஆளின் அடையாளத்தைச் சொல்லும்போது இனத்தையும் சொல்லலாம் என்று பெரும்பாலான கையேடுகள் விலக்கு அளிக்கின்றன. ‘கறுப்பினத்தவர், நடுத்தர உயரம், வயது இருபதுகளில்’ என்ற வருணனை ஒரு பெருநகரில் எத்தனை ஆயிரம் பேருக்குப் பொருந்தும்? 1989 அக்டோபரில் பாஸ்டன் நகரில் ஒரு வெள்ளையர், தன்னையும் கர்ப்பிணி மனைவியையும் கறுப்பின ஆள் ஒருவன் சுட்டதாகச் சொன்னார். ஊடகங்கள் அதை அப்படியே ஏந்திச் சென்றன. மிஷன் ஹில் பகுதியில் கறுப்பின இளைஞர்களை நிறுத்தி நிறுத்திச் சோதித்தது காவல்துறை. 1990 ஜனவரியில் கணவரின் தம்பியே உண்மையைச் சொன்னார், சுட்டது கணவர்தான். பொய்யாகச் சந்தேகிக்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்களிடம் பாஸ்டன் மேயர் மன்னிப்புக் கேட்டது 2023 டிசம்பரில், முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து. விதிப்படி பார்த்தால் அந்தச் செய்திகளில் தவறில்லை. இனம் தேடுதலுக்குத் ‘தொடர்புடைய’ தகவலாகவே அங்கே வந்தது.

பிரிட்டிஷ் நெறிமுறைக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அது தனிநபரின் இனத்தைப் பற்றிய குறிப்பையே கட்டுப்படுத்துகிறது. ஒரு சமூகத்தையே குற்றவாளிகளாகச் சித்திரிக்கும் கட்டுரை மீது அந்தப் பிரிவின் கீழ் புகார் கொடுத்தால் பெரும்பாலும் நிற்காது.

எல்லாவற்றையும் விட அடிப்படையான கேள்வி, சொல்லை எடுத்துவிட்டால் எண்ணமும் போய்விடுமா என்பது. 2000-இல் ஃபிராங்க்ளின் கில்லியம், சாந்தோ ஐயங்கார் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு இங்கே அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் மக்களுக்கு ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தி காட்டப்பட்டது. சிலருக்குக் காட்டிய செய்தியில் சந்தேக நபர் வெள்ளையர். சிலருக்கு அதே முகம், தோல் நிறத்தை மட்டும் கணினியில் மாற்றி, கறுப்பினத்தவர். வேறு சிலருக்குச் சந்தேக நபரின் படமே கிடையாது. படம் காட்டப்படாத குழுவில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் சந்தேக நபரைப் பார்த்ததாகவே நினைவுகூர்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் அவர் கறுப்பினத்தவர் என்றார்கள். காலி இடத்தைப் பார்வையாளரின் மனமே நிரப்பிக்கொண்டது. ஒரு நகரம், ஒரு காலம், ஒரு சோதனை என்ற வரம்பு இதற்கு உண்டு. ஆனாலும் சொல்லாமல் விடுவது நடுநிலை என்ற நம்பிக்கையை இது நன்றாகவே அசைத்துவிடுகிறது.

மறைத்தால் வதந்தி

வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே மேல் என்ற மூன்றாவது நிலைப்பாட்டுக்கு வலு சேர்த்தது ஜெர்மனியின் கொலோன் நகரம். 2015 கடைசி இரவில் அந்த நகரின் ரயில் நிலையத்தை ஒட்டிய வெளியில் நூற்றுக்கணக்கான பெண்கள் பாலியல் தொல்லைக்கும் திருட்டுக்கும் ஆளானார்கள். புகார் செய்தவர்கள் பலரும் வட ஆப்பிரிக்க, அரபுத் தோற்றமுள்ள ஆண்களைக் குறிப்பிட்டார்கள். புத்தாண்டுக் காலையில் காவல்துறை விட்ட அறிக்கையோ, கொண்டாட்டம் பெரும்பாலும் அமைதியாகக் கழிந்தது என்றது. தேசியத் தொலைக்காட்சியான இசட்.டி.எஃப். ஜனவரி 4 மாலைச் செய்தியில் இதைச் சேர்க்காமல் விட்டு, பிறகு அது தவறான முடிவு என்று ஒப்புக்கொண்டது. அகதிகள் வருகை உச்சத்தில் இருந்த நேரம். ஊடகங்கள் எல்லாவற்றையும் மறைக்கின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைத்திருக்காது.

டிரெஸ்டன் நகரின் ‘ஸெக்ஸிஷே ட்சைட்டுங்’ 2016-இல் துணிந்து ஒரு முடிவெடுத்தது. இனி எல்லாக் குற்றச் செய்திகளிலும் குற்றம் சாட்டப்பட்டவரின் பூர்வீகத்தைச் சொல்வோம், ஜெர்மானியர் என்றாலும் சொல்வோம் என்றது. பெரும்பாலானவர்கள் உள்ளூர்க்காரர்களே என்பது அப்போதுதான் வாசகருக்குத் தெரியும் என்பது அதன் வாதம். 2017 மார்ச்சில் ஜெர்மன் பத்திரிகை மன்றமும் 12.1-ஐத் திருத்தியது. குற்றத்துடன் தொடர்பு வேண்டும் என்ற நிபந்தனை போய், நியாயமான பொதுநலன் இருந்தால் எழுதலாம் என்று வந்தது. இதழியல் பேராசிரியர் ஹோர்ஸ்ட் பொட்கர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த விதியையே எடுத்துவிடச் சொன்னவர். வாசகருக்கு எது தெரியலாம் எது தெரியக்கூடாது என்று தீர்மானிக்கும் பெரியண்ணன் வேலை பத்திரிகையாளருக்கு எதற்கு என்பது அவர் கேள்வி.

பிரிட்டனில் இதே வாதத்தின் கனமான எடுத்துக்காட்டு ராதர்ஹாம் நகரம். 1997-க்கும் 2013-க்கும் இடையே சுமார் 1,400 சிறார்கள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாகத் தனி விசாரணை நடத்திய அலெக்சிஸ் ஜே 2014-இல் அளித்த அறிக்கை மதிப்பிட்டது. குற்றவாளிகளில் பெரும்பாலோர் பாகிஸ்தானியப் பூர்வீகத்தினர் என்று பாதிக்கப்பட்டோர் சொன்னபோதும், இனவெறியர் எனப்பட்டுவிடுவோமோ என்ற அச்சத்தில் சில அலுவலர்கள் அதைச் சொல்லத் தயங்கினார்கள் என்று அந்த அறிக்கை பதிவு செய்தது. இந்த வரி அதன்பின் ஆயிரம் தலையங்கங்களில் மேற்கோளானது. அதே அறிக்கை சொன்ன இன்னொன்று அவ்வளவு பரவவில்லை: பாதிக்கப்பட்ட சிறுமிகளைக் காவல்துறையினர் பலர் இழிவாகவே பார்த்தார்கள். மௌனத்துக்கு இனவெறிப் பழி குறித்த அச்சம் ஒரு காரணம். ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகள் மீதான அலட்சியம் இன்னொரு காரணம். அந்த மௌனத்தை உடைத்தது ஒரு பத்திரிகைதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘தி டைம்ஸ்’ நிருபர் ஆண்ட்ரூ நார்ஃபோக் 2011 முதல் தொடர்ந்து எழுதினார். 2020-இல் பிரிட்டிஷ் உள்துறை, இத்தகைய கூட்டுக் குற்றங்களில் ஈடுபடுவோர் பெரும்பாலும் வெள்ளையரே என்று ஆய்வுகள் காட்டுவதாகச் சொன்னது. 2025-இல் அரசு கேட்டுப் பெற்ற லூயிஸ் கேசியின் தணிக்கை அந்த முடிவையே கேள்விக்குள்ளாக்கியது. குற்றவாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினரின் இனம் பதிவே செய்யப்படவில்லை என்றது. இரு தரப்பும் இத்தனை ஆண்டுகளாக ஓட்டைக் கணக்கை வைத்துக்கொண்டுதான் சண்டையிட்டிருக்கின்றன.

வெளிப்படையாகச் சொன்னால் வதந்தி அடங்கும் என்பது இந்த நிலைப்பாட்டின் மையம். அது எவ்வளவு தூரம் சரி? 2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டனர். கொன்றவர் அண்மையில் படகில் வந்த முஸ்லிம் அகதி என்று ஒரு போலிப் பெயர் இணையத்தில் பரவியது. மறுநாளே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. சந்தேக நபர் பிரிட்டனின் கார்டிஃபில் பிறந்தவர் என்று காவல்துறை தொடக்கத்திலேயே சொல்லியிருந்தது. அவருக்கு 18 வயது ஆகாதிருந்தும் ஆகஸ்ட் 1 அன்று நீதிபதி பெயரை வெளியிட அனுமதித்தார். கலவரம் அதன் பிறகும் பல நகரங்களுக்குப் பரவியது. ஆகஸ்ட் 4 அன்று ராதர்ஹாம் அருகே புகலிடம் கோருவோர் தங்கியிருந்த விடுதிக்குத் தீ வைக்க முயன்றார்கள். முன்பே முழுத் தகவலும் வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்பார் உண்டு. ருவாண்டாவிலிருந்து வந்த பெற்றோரின் மகன் என்ற உண்மையே கலவரக்காரர்களுக்குப் போதுமானதாக இருந்தது என்பாரும் உண்டு. ஒரே நிகழ்வை வைத்து இதைத் தீர்த்துவிட முடியாது.

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. எல்லோருக்கும் சொல்வோம் என்ற உறுதி எல்லாப் பத்திரிகைகளிலும் நிற்பதில்லை. ஜெர்மன் ஊடகங்களை ஆண்டுக்கணக்கில் கவனித்துவரும் தோமஸ் ஹெஸ்டர்மன், கொலோனுக்குப் பின் பூர்வீகம் சொல்லப்படுவது கூடியதையும், சொல்லப்படும்போது அது பெரும்பாலும் வெளிநாட்டவராகவே இருப்பதையும் காட்டியுள்ளார். உள்ளூர்க்காரரின் பூர்வீகம் யாருக்கும் செய்தியாகப் படுவதில்லை.

யார் வாயிலிருந்து செய்தி வருகிறது

1978-இல் வெளிவந்த ‘போலீசிங் தி கிரைசிஸ்’ நூலில் ஸ்டூவர்ட் ஹாலும் அவருடைய பர்மிங்ஹாம் சகாக்களும் கேள்வியையே இடம் மாற்றினார்கள். 1972-73-இல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் வழிப்பறிக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு புதுப் பெயரை இறக்குமதி செய்து, திடீரென்று முளைத்த புதுவகைக் குற்றமாக அதைக் காட்டின. விரைவிலேயே அந்தக் குற்றத்துக்கு ஒரு முகமும் கிடைத்தது: நகரின் நடுப்பகுதியில் வாழும் கரீபியப் பூர்வீக இளைஞன். இதில் எந்த நிருபரும் தனிப்பட்ட வெறுப்போடு எழுதியிருக்க வேண்டியதில்லை என்பதுதான் ஹாலின் வாதத்தின் முனை. நிருபர் காவல்துறையிடமும் நீதிபதியிடமும் அமைச்சரிடமும் போகிறார். அவர்களே பிரச்சினை இன்னதென்று முதலில் வரையறுக்கிறார்கள். மற்ற எல்லோரும் அந்த வரையறைக்குள் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. சமூகவியலாளர் வாடிங்டன் 1986-இல், தெருக் கொள்ளை உண்மையிலேயே கூடிக்கொண்டிருந்தது என்றும், எதிர்வினை மிகையானது என்று சொல்ல எது சரியான அளவு என்பதற்கு அளவுகோலே அந்நூலில் இல்லை என்றும் எழுதினார். நியாயமான கேள்வி; முழுமையான பதில் இன்றும் இல்லை. இருந்தாலும் காவல்துறைதான் முதல் வரையறையைத் தருகிறது என்ற பகுதியை அந்த விமர்சனம் பெரிதாகத் தொடவில்லை.

அந்தப் பகுதிக்கு ஜெர்மனி பின்னாளில் ஒரு கொடுமையான சான்றைத் தந்தது. 2000 முதல் 2006 வரை சிறு கடைக்காரர்களும் தொழிலாளர்களுமாக ஒன்பது பேர் ஒரே கைத்துப்பாக்கியால் கொல்லப்பட்டார்கள். எட்டுப் பேர் துருக்கியப் பூர்வீகத்தினர், ஒருவர் கிரேக்கர். காவல்துறை போதைப்பொருள், மாஃபியா, குடும்பப் பகை என்று குடும்பத்தினரையே துருவியது. பத்திரிகைகள் அதையே எழுதின. துருக்கிய உணவின் பெயரை வைத்து இந்தக் கொலைகளுக்கு ஒரு செல்லப்பெயரும் சூட்டின. 2006 மே மாதம் காசல் நகரில் குடும்பத்தினர் ஊர்வலம் போய், பத்தாவது பலி வேண்டாம் என்று கேட்டார்கள். நாட்டளவிலான கவனம் அதற்குக் கிடைக்கவில்லை. 2007-இல் பத்தாவதாக ஒரு பெண் காவலர் கொல்லப்பட்டார். 2011 நவம்பரில்தான் இவை நவநாஜிக் குழு ஒன்றின் கொலைகள் என்று தெரிந்தது. பத்திரிகைகள் புழங்கிய அந்தச் செல்லப்பெயர் அந்த ஆண்டின் மிக மோசமான சொல்லாக மொழியறிஞர் குழுவால் தேர்ந்தெடுக்கப்பட்டது. பலியானவர்களின் இனம் இந்தச் செய்திகளில் மறைக்கப்படவே இல்லை, தாராளமாக எழுதப்பட்டது. கொன்றவர்களின் நோக்கம்தான் யார் கண்ணிலும் படவில்லை. சொல்வதா விடுவதா என்ற விவாதத்தில் நிற்கும் எந்த விதியும் இந்தப் பிழையைப் பிடித்திருக்காது.

1989-இன் நியூயார்க் சென்ட்ரல் பார்க் வழக்கும் இந்த வரிசையில் வரும். பூங்காவில் ஓடிக்கொண்டிருந்த வெள்ளைப் பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். கறுப்பின, லத்தீன் இனப் பதின்வயதினர் ஐவர் கைதானார்கள். காவல்துறை பெற்ற வாக்குமூலங்களை வைத்தே செய்திகள் எழுந்தன. சிறுவர்கள் ஓநாய்க் கூட்டத்துக்கு ஒப்பிடப்பட்டார்கள். டொனால்ட் டிரம்ப் நான்கு நாளிதழ்களில் மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். பெரிய பத்திரிகைகள் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை மறைத்தன. சிறார்களான கைதிகளின் பெயர்களை வெளியிட்டன. கறுப்பின வாசகர்களுக்கான ‘ஆம்ஸ்டர்டாம் நியூஸ்’ இந்த இரட்டை அளவுகோலைச் சுட்டி, பெண்ணின் பெயரையும் அச்சிட்டது. அந்தப் பதிலடியின் செலவை ஒரு பாவமும் அறியாத பெண் தலையில் வைத்தது சரியா என்பது வேறு விவாதம். 2002-இல் வேறொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; மரபணுச் சோதனையும் பொருந்தியது; ஐவரின் தண்டனையும் ரத்தானது.

எண்ணிப் பார்த்தவர்கள்

எழுதியது இனவெறியா இல்லையா என்று வாதிடுவதற்குப் பதில் எண்ணிப் பார்ப்போம் என்று ஒரு மரபு 1990-களில் வளர்ந்தது. ராபர்ட் என்ட்மன் சிகாகோவின் உள்ளூர்த் தொலைக்காட்சியை ஆராய்ந்தபோது, கறுப்பினச் சந்தேக நபர்கள் பெயரின்றியும் காவலரின் பிடியில் இருப்பவர்களாகவும் காட்டப்படுவது வெள்ளையரை விட அதிகம் என்று கண்டார். ஆளுக்குப் பெயர் இல்லாவிட்டால் இனமே பெயராகிவிடுகிறது என்பது அதிலிருந்து பெறப்படும் கருத்து. டிராவிஸ் டிக்சனும் டேனியல் லின்ஸும் 2000-இல் லாஸ் ஏஞ்சலஸ் தொலைக்காட்சியைக் கைதுப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். கறுப்பினத்தவர் திரையில் குற்றவாளிகளாக மிகுதியாகத் தோன்றினார்கள். லத்தீன் இனத்தவர், கைதுக் கணக்கை விடக் குறைவாகவே. இந்த இரண்டாவது முடிவை மேற்கோள் காட்டுவோர் குறைவு. டிக்சனே 2017-இல் வெளியிட்ட பிந்தைய ஆய்வில், கறுப்பினத்தவரின் சித்திரிப்பு பதிவுகளுக்கு நெருக்கமாக வந்துவிட்டது என்றார். பலியானவர்களாகவும் காவல் அலுவலர்களாகவும் மட்டும் வெள்ளையர் இன்னும் மிகுதியாகத் தெரிந்தார்கள்.

இந்த மரபின் அடித்தளத்தில் ஒரு விரிசல் உண்டு. ஒப்பிட எடுத்துக்கொள்ளும் கைதுப் பதிவும் காவல்துறை உருவாக்கியதே. ஒரு தெருவில் அதிகம் ரோந்து போனால் அந்தத் தெருவில் அதிகம் கைதாவார்கள். பதிவோடு பொருந்துவதால் செய்தி நேர்மையானது என்று சொன்னால், ஹால் சுட்டிய அதே வாயிலிடமே சான்றிதழ் கேட்டதாகிவிடும்.

டொரொன்டோவின் எண்கள்

எண்களே எந்தப் பக்கமும் வெட்டும் என்பதைக் காட்ட டொரொன்டோவை விடத் தெளிவான இடம் இல்லை. 1989-இல் ஒரு காவல் அலுவலர், ஜேன்–ஃபின்ச் பகுதிக் குற்றங்களில் கறுப்பினத்தவரின் பங்கு என்று சில கணக்குகளை வெளியிட்டார். எதிர்ப்புக் கிளம்பியது. இனவாரிக் குற்றப் புள்ளிவிவரத்தைத் தொகுத்து வெளியிடக் காவல் வாரியம் தடை விதித்தது. பதிமூன்று ஆண்டு கழித்து, 2002-இல், ‘டொரொன்டோ ஸ்டார்’ காவல்துறையின் தரவுத்தளத்தையே தகவல் சட்டத்தின் மூலம் பெற்று அலசியது. ஒரே வகைப் போதைப்பொருள் வழக்கில் கறுப்பினத்தவர் காவல் நிலையத்துக்கு இழுத்துச் செல்லப்படுவதும் இரவு அடைக்கப்படுவதும் வெள்ளையரை விட அதிகம் என்றது. இப்போது இனவெறிப் பழி காவல்துறை மீது. காவலர் சங்கம் 270 கோடி கனடிய டாலர் கேட்டு அவதூறு வழக்குத் தொடுத்தது. 2003-இல் அது தள்ளுபடியானது. 2017-இல் ஒன்டாரியோ மாகாணம் இனவாரித் தரவு திரட்டலைச் சட்டமாக்கியது. 2022-இல், தங்கள் பலப்பிரயோகத்துக்குக் கறுப்பினத்தவர் மிகையாக ஆளாவதை அந்தத் தரவே காட்டியதும், டொரொன்டோ காவல் தலைவர் பொது மன்னிப்புக் கேட்டார். சிறுபான்மையினரைக் காக்கவென்று ஒரு தலைமுறை மூடிய கணக்கை, அடுத்த தலைமுறை அதே காரணத்துக்காகத் திறந்தது.

இதே நகரில்தான் 1990-களின் பிற்பகுதியில் ஈழத் தமிழ் இளைஞர் குழுக்களின் மோதல்கள் செய்தியாயின. ‘தமிழ் கேங்’ என்பது ஆங்கிலப் பத்திரிகைகளில் நிலைத்த தொடரானது. வன்முறை உண்மை, இறந்தவர்கள் உண்மை, அஞ்சியவர்களில் தமிழ்க் கடைக்காரர்களும் பெற்றோரும் முன்வரிசையில் இருந்தார்கள். எழுத வேண்டாம் என்று அவர்கள் எல்லோரும் சொல்லவில்லை. பல்லாயிரம் பேர் கொண்ட சமூகத்தின் பெயர் ஒரு சில நூறு பேரின் குற்றத்துக்கு அடைமொழியானது பற்றிய மனக்குறை மட்டும் நீடித்தது.

தமிழ்நாட்டுச் செய்திகளில் இன்று அந்த இடத்தில் ‘வடமாநில இளைஞர்’ நிற்கிறார். 2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தில் ஐவர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, வாடகைக்கு இருப்போரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் தருமாறு வீட்டு உரிமையாளர்களுக்கு உத்தரவு வந்தது. 2023 மார்ச்சில் இதன் மறுபக்கம்: தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகப் போலிக் காணொளிகள் வட இந்தியாவில் பரவின, சில ஊடகங்களும் அதை ஏந்தின. சாதியைப் பொறுத்தவரை நம் பத்திரிகைகள் நேரெதிர் வழியில் போகின்றன. இழிவு தரும் சூழலில் சாதி அடையாளத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறி. ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்ற தலைப்பு அந்த நெறியிலிருந்து பிறந்தது. சாதி இனமல்ல; ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரைக் காக்க வந்த அடக்கம், யார் வீடு எரிந்தது, யார் எரித்தார் என்பதையும் சேர்த்து மறைத்துவிடுகிறது என்ற தலித் எழுத்தாளர்களின் விமர்சனம் இந்த விவாதத்துக்குள் வர வேண்டியது.

2020-க்குப் பின்

மினியாபொலிஸில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் ஒருவரால் கொல்லப்பட்ட பிறகு அமெரிக்கச் செய்தி அறைகளில் மாற்றங்கள் வேகமெடுத்தன. ‘கான்சஸ் சிட்டி ஸ்டார்’, ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ போன்றவை தங்கள் பழைய செய்திகளையே ஆராய்ந்து மன்னிப்புக் கேட்டன. நகரின் ஏழைப் பகுதிகளிலிருந்து கொள்ளையர் புறநகருக்குள் படையெடுப்பதாக 1981-இல் எழுதிய தொடரும் லாஸ் ஏஞ்சலஸ் பட்டியலில் இருந்தது. கைதானவர்களின் காவல் நிலையப் படங்களை வரிசையாகப் போட்டுக் காட்டும் இணையப் பக்கங்களைப் பல நிறுவனங்கள் மூடின. சான் ஃபிரான்சிஸ்கோ காவல்துறை 2020 ஜூலையில், உடனடி ஆபத்து இல்லாவிட்டால் அந்தப் படங்களை வெளியிடுவதில்லை என்றது. 2021 ஜூனில் அசோசியேட்டட் பிரஸ், சிறு குற்றங்களில் கைதாகிறவர்களின் பெயரை இனி வெளியிடுவதில்லை என்று அறிவித்தது. வழக்கு என்ன ஆனது என்று தொடர்ந்து எழுதப்போவதில்லை என்றால் பெயரை மட்டும் இணையத்தில் நிரந்தரமாக நிறுத்துவது நியாயமில்லை என்பது காரணம். ஒற்றைச் சொல்லை விட்டுத் தேர்வைத் தொடும் சீர்திருத்தங்கள் இவை. செலவில்லாமல் பக்கம் நிரப்பும் வேலையைத்தான் அந்தப் படங்கள் செய்துவந்தன என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

தீராமல் நிற்பவை

நான்கு நிலைப்பாடுகளில் எதையும் முழுதாக ஒதுக்க முடியவில்லை. அடைமொழி தீங்கு செய்யும் என்பதற்கு வரலாறு போதுமான சான்று தருகிறது. விடுவதாலேயே தீங்கு நீங்கும் என்பதற்குச் சான்று மெலிவு. மறைத்தால் நம்பிக்கை போகும் என்பது கொலோனுக்குப் பின் மறுக்கக் கடினம். சொன்னால் நம்பிக்கை திரும்பும் என்பது இன்னும் எதிர்பார்ப்பு நிலையில்தான் இருக்கிறது. காவல்துறையைச் சார்ந்து எழுதுவதே வேர் என்ற வாதம் இவற்றில் அதிகம் விளக்குகிறது. நள்ளிரவில் செய்தி முடிக்க வேண்டிய நிருபருக்கு வேறு யாரிடம் கேட்பது என்று அது சொல்வதில்லை. பத்திரிகை மன்றங்களோ புகாரைச் செய்திக்குச் செய்தியாகவே விசாரிக்கின்றன. ஓராண்டுச் செய்திகளை மொத்தமாக வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் சாய்வை விசாரிக்கும் ஏற்பாடு அவற்றிடம் இல்லை.

பிரிட்டனில் நடந்துகொண்டிருப்பது ஒரு நேரடிச் சோதனை. 2025 மே மாதம் லிவர்பூல் கால்பந்து ஊர்வலத்துக்குள் கார் புகுந்தபோது, கைதானவர் 53 வயது வெள்ளை பிரிட்டிஷ்காரர் என்று சில மணி நேரத்திலேயே காவல்துறை அறிவித்தது. வதந்தி பெரிதாவதற்குள் அடங்கியது. ஆகஸ்டில் காவல்துறைக்கு வந்த இடைக்கால வழிகாட்டுதல், பெரிதும் கவனம் பெறும் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் இனத்தையும் நாட்டையும் வெளியிடுவது பற்றிப் பரிசீலிக்கச் சொல்கிறது. வழிகாட்டுதல் முறைப்படி குற்றம் சாட்டப்பட்ட பிறகே பொருந்தும். வதந்தியின் காலம் அதற்கு முந்தைய மணி நேரங்கள். லிவர்பூலில் ‘வெள்ளையர்’ என்று உடனே சொல்லியாகிவிட்டது. இனி ஒரு வழக்கில் காவல்துறை அதே வேகத்தில் சொல்லாமல் இருந்தால், அந்தத் தாமதத்தையே வாசகர்கள் பதிலாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. அப்போது இனத்தை எழுதாமல் விடும் பத்திரிகை உண்மையில் எழுதாமல் விட்டதாகுமா என்பதற்கு இப்போதைய நெறிமுறைகள் எவையும் இடம் வைக்கவில்லை.